திருநந்தவனத்திற்கு அரளி வேலி

(திருக்குடமுழுக்குத் திருப்பணிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

எனக்கு முன்னே பேசிய அறிஞர்கள் ஆகமத்தின் அருமையையும் கோபுரத்தின் தத்துவத்தையும் விரித்துரைத்தார்கள். அடியேனுக்கு இட்ட பணி அத்துணை உயர்ந்ததன்று. கோயிலுக்குத் தெற்கே கிடக்கும் திருநந்தவன நிலத்திற்கு எவ்வகை வேலி அமைப்பது என்பது பற்றிச் சில சொற்கள் கூறுமாறு குழுவினர் பணித்தார்கள். விமானத்தில் கலசம் ஏறவிருக்கும் வேளையில் வேலியைப் பற்றிய பேச்சா என்று சிலர் எண்ணக்கூடும். குடமுழுக்கு நிறைவேறிய மறுநாள் காலையிலும் இறைவனுக்குப் பூ வேண்டும்; அதற்கடுத்த நாளும் வேண்டும்; இப்படிப் பன்னிரண்டு ஆண்டுகள் வேண்டும். அந்தப் பூ எங்கிருந்து வரும் என்பதுதான் என் பேச்சு.

நந்தவனம் வைப்பது நம் முன்னோர் பெரிதும் போற்றிய தொண்டு. சோழர் காலக் கல்வெட்டுகளிலே ‘திருநந்தவனப்புறம்’ என்ற சொல்லைக் காண்கிறோம். நந்தவனத்தைப் பேணுவதற்கென்று விடப்பட்ட நிலம் என்பது அதன் பொருள். பூஞ்செடி வைத்தால் போதாது, அதைக் காப்பதற்கும் வழி செய்ய வேண்டும் என்று அவர்கள் உணர்ந்திருந்தார்கள். திருப்புகலூரில் வாழ்ந்த முருக நாயனார் வைகறையில் எழுந்து கோட்டுப்பூ, கொடிப்பூ, நீர்ப்பூ, நிலப்பூ என்னும் நால்வகை மலரையும் பறித்து, இண்டையும் தாமமுமாகத் தொடுத்து, வர்த்தமானீச்சரத்து இறைவனுக்குச் சாத்திய வரலாற்றைப் பெரியபுராணத்தில் படித்திருக்கிறீர்கள். காவிரி பாயும் நாட்டில் நால்வகைப் பூவும் கிடைத்தன. நம்முடையது வானம் பார்த்த பூமி. பங்குனி பிறந்தால் நந்தவனக் கிணற்றில் நீர் அடியைத் தொட்டுவிடுகிறது. முன்னர் இரண்டு முறை வைத்த மல்லிகையும் நந்தியாவட்டையும் ஒரு பகுதி வெயிலிலும் மறுபகுதி ஆட்டின் வாயிலும் போனதை இவ்வூரார் அறிவீர்கள்.

ஆகவே இம்முறை முதலில் வேலி, பிறகு தோட்டம் என்று குழுவினர் முடிவு செய்தது அறிவுடைய செயல். அன்பர் ஒருவர் சுற்றுச்சுவர் எழுப்பித் தர முன்வந்தார். மற்றொருவர் முள்கம்பிக்குப் பொருள் தருவதாகச் சொன்னார். அரளியை வரிசையாக நட்டு உயிர்வேலி ஆக்கினால் காவலும் ஆகும், பூவும் ஆகும் என்பது மூன்றாவது கருத்து. அதைக் கேட்டவுடனே, ‘அரளி நஞ்சாயிற்றே! கோயிலில் அதை நடலாமா?’ என்று தாய்மார் சிலர் அஞ்சினார்கள். அவர்கள் அஞ்சியதில் தவறில்லை. அந்த அச்சத்திற்கு நேர்மையாக விடை சொல்லாமல் அரளியைப் புகழ்வது முறையாகாது.

நூல்கள் அலரி என்பதனையே நாம் அரளி என்கிறோம். அலரி என்னுஞ் சொல் மலருக்கும் கதிரவனுக்கும் பொதுப்பெயராகவும் வழங்கும். கணவீரம், கணவிரம் என்பன செவ்வலரியின் பழம்பெயர்கள். வடமொழியில் கரவீரம் என்பர். திருவாரூர்ப் பக்கத்தில் திருக்கரவீரம் என்னும் பாடல் பெற்ற தலம் உளது. திருஞானசம்பந்தப் பெருமான் பாடிய அத்தலத்திற்குச் செவ்வலரியே தலமரம். தலத்தின் பெயரே அதனால் அமைந்தது. சிவபூசைக்கு உரியனவாகச் சொல்லும் எட்டுப் பூக்களிலும் புன்னை, வெள்ளெருக்கு, சண்பகம் முதலியவற்றோடு அலரிக்கும் இடம் உண்டு. திருமுருகாற்றுப்படையில் நக்கீரர் முருகவேளின் வழிபாட்டைச் சொல்லுமிடத்தில் கணவீர மாலை வருகிறது.

இனி, இதே பூவுக்கு மற்றொரு பக்கமும் உண்டு. மணிமேகலையில் புகார் நகரத் தெருவிலே திரியும் பித்தன் ஒருவன் கணவிர மாலையும் எருக்கம்பூ மாலையும் அணிந்து வருகிறான். மிருச்சகடிகம் என்னும் வடமொழி நாடகத்தில் கொலைக்களத்துக்குக் கொண்டு செல்லப்படும் சாருதத்தன் கழுத்தில் கரவீர மாலையே கிடக்கிறது. தெய்வத்துக்கும் அதே மாலை, சாகப் போகிறவனுக்கும் அதே மாலை! நிறத்தை மட்டும் கண்டு இப்படிச் செய்தார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. அரளிக்கு வடமொழியில் ‘அசுவமாரகம்’ என்று ஒரு பெயர் உண்டு. குதிரையைக் கொல்வது என்பது பொருள். ஆயுர்வேத நூலார் அதனை உபவிடங்களுள் ஒன்றாக வைத்தனர். நஞ்சென்று நன்கறிந்தேதான் முன்னோர் இப்பூவை இறைவன் திருமுடியில் ஏற்றினார்கள். ஆலகாலத்தையே கண்டத்தில் அடக்கியவனுக்கு அரளியும் எருக்கும் ஊமத்தையும் ஏற்புடையன. நம் குழந்தைகளின் கண்டத்துக்கு அவ்வாற்றல் இல்லை.

இதைச் சற்றுத் தெளிவாகவே சொல்லிவிடுகிறேன். அரளியின் வேர், பட்டை, இலை, பூ, விதை, பால் எல்லாவற்றிலும் ஒலியாண்டிரின் முதலிய நச்சுப் பொருள்கள் உள்ளன. அவை வயிற்றைப் புரட்டுவதோடு நில்லாமல் இதயத் துடிப்பையும் குலைப்பவை. காய்ந்தாலும் அந்நஞ்சு போகாது. எரித்தால் புகையும் தீங்கு செய்யும். 2024-ஆம் ஆண்டில் கேரளத்தில் இளம்பெண் ஒருவர் இறந்தது அரளியை வாயிலிட்டதனால் இருக்கலாம் என்ற ஐயம் எழுந்தது. அதனையடுத்து, அவ்வாண்டு மே மாதத்தில், திருவிதாங்கூர் தேவசுவம் வாரியமும் மலபார் தேவசுவம் வாரியமும் நிவேதனத்திலும் பிரசாதத்திலும் அரளிப்பூவைச் சேர்த்தலாகாது என்று விலக்கின. பூவை வழிபாட்டிலிருந்தே நீக்கிவிட்டார்கள் என்று நம்மவர் சிலர் சொல்லித் திரிகிறார்கள், அது சரியன்று. உண்ணும் பொருளோடு கலத்தலைத்தான் விலக்கினார்கள். அந்த வேறுபாடே நமக்கும் வழிகாட்டி.

இத்தனை நஞ்சுள்ள செடியை ஏன் நடவேண்டும் என்று கேட்பீர்கள். நம்முடைய நிலத்தையும் நம்முடைய கோடையையும் எண்ணிப் பார்த்தே சொல்கிறேன். மத்தியதரைக் கடற்கரை நாடுகள் தொடங்கி நம் நாடு வரையில் ஆற்றுப் படுகைகளிலும் வறண்ட ஓடைகளிலும் தானே வளர்வது அரளி. மழைக்காலத்தில் வெள்ளம் சூழ்ந்தாலும், பின்னர் மாதக்கணக்கில் மணல் காய்ந்து கிடந்தாலும் அது தாங்கும். அதன் இலையைப் பறித்துப் பாருங்கள் (பார்த்தபின் கையைக் கழுவிக்கொள்ளுங்கள்). தோல் போன்று தடித்திருக்கும். இலை மூச்சுவிடும் நுண்துளைகள் மற்றச் செடிகளிற் போல வெளியே திறந்திரா; இலையின் அடிப்புறத்தில் சிறு குழிகளுக்குள்ளே, மெல்லிய மயிர்கள் மூடிய நிலையில், ஒளிந்திருக்கும். அனற்காற்று வீசினாலும் உள்ளிருக்கும் ஈரம் எளிதில் வெளியேறாது. நாற்கரச் சாலைகளின் நடுத்திட்டில் நெடுந்தூரம் அரளி நிற்பதைப் பேருந்தில் செல்லும்போது கண்டிருப்பீர்கள். எதிர்வரும் வண்டியின் விளக்கொளி ஓட்டுநர் கண்ணில் படாமல் திரையாக நிற்பதற்கே அதனை வைத்தார்கள். தார்ச்சாலைச் சூட்டிலும் வண்டிப் புகையிலும் பூக்கிற செடிக்கு நம் நந்தவனம் சோலையாகவே தோன்றும். சப்பான் நாட்டு இரோசிமா நகரில் 1945-இல் அணுகுண்டு விழுந்து எல்லாம் கரிந்த மண்ணில் முதலில் பூத்தது அரளி என்று அந்நகரத்தார் போற்றி, 1973-இல் அதனைத் தம் நகரின் மலராகவே கொண்டார்கள்.

சேலத்துப் பனமரத்துப்பட்டிப் பக்கத்து உழவர்கள் அரளியைப் பணப்பயிராகவே வளர்த்துச் சந்தைக்கு அனுப்புகிறார்கள். கோயில் வாசலில் நாம் வாங்கும் மாலைகளில் அரளி மிகுதியாக இருப்பதற்குக் காரணம், மற்றப் பூ வாடுகிற சித்திரை வைகாசியில் அது குவிந்து பூப்பதுதான்.

வளர்க்கும் முறைக்கு வருகிறேன். விதை வேண்டா, போத்து வைத்தாலே போதும். பென்சில் பருமனுள்ள, பச்சையும் பழுப்பும் கலந்த முற்றிய கிளையை ஒரு சாண் நீளத்திற்குக் கணுவுக்குக் கீழே நறுக்கி, நுனியில் நான்கைந்து இலை விட்டு மற்றவற்றைக் கிள்ளிவிடுங்கள். பால் வடிந்து நின்றபின், மணலும் மண்ணும் மட்கிய எருவும் கலந்த நாற்றுப் பையில் பாதிவரை ஊன்றி நிழலில் வைத்தால், நாலைந்து வாரத்தில் வேர்விடும். நீர் நிறைந்த புட்டியில் நிறுத்தினாலும் வேர்விடும். ஆனால் அந்நீரும் நஞ்சாகிவிடும் ஆதலின், சிறுவர் உள்ள வீட்டில் அம்முறையை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஓரடிக் கனக் குழி எடுத்து, ஒரு கூடைத் தொழுவுரமிட்டு, வடகிழக்குப் பருவமழைக்கு முன்னர்ப் புரட்டாசிக் கடைசியில் நட்டால் மழையே பாதி வேலையைச் செய்துவிடும். நெருங்கிய வேலிக்குச் செடிக்குச் செடி மூன்றடி. இரு வரிசையாக, முன்வரிசைச் செடிகளுக்கு இடைவெளியில் பின்வரிசைச் செடி வருமாறு நட்டால், மூன்றாம் ஆண்டில் மறுபக்கம் தெரியாத திரை எழும்பும். வெயில் நன்கு விழ வேண்டும். மரநிழலில் அரளி குச்சி குச்சியாக நீளுமே தவிரப் பூக்காது. தென்மேற்கு மூலையில் வேம்பு நிற்கிற இருபதடியை விட்டுவிடலாம்.

நீரைப் பற்றி ஒரு சொல். ‘அரளிக்குத் தண்ணீரே வேண்டா’ என்று சொல்லி நன்கொடையாளரை மகிழ்விக்க எனக்கு விருப்பமில்லை. முதற் கோடை முடியும்வரை வாரம் ஒருமுறையேனும் ஊற்றத்தான் வேண்டும். வேர் இறங்கியபின் அது தண்ணீரின்றி உயிர் வாழும். ஆனால் உயிர் வாழ்வது வேறு, பூப்பது வேறு. நாளும் ஒரு கூடைப் பூ வேண்டுமானால் கோடையிலும் பத்து நாளுக்கு ஒருமுறை நனைக்க வேண்டும். அபிடேக நீர் வீணே சாக்கடைக்குப் போவதை நந்தவனத்துக்குத் திருப்பும் எண்ணம் குழுவினருக்கு உண்டென்று அறிகிறேன். பாலும் எண்ணெயும் கலவாத நீராயின் அதுவே போதுமானது.

கத்தரிப்பதிலும் நுட்பம் உண்டு. அலுவலகத் தோட்டங்களில் மேசைப்பலகை போல மட்டமாக வாரந்தோறும் வெட்டுகிறார்களே, அப்படி வெட்டினால் நமக்கு இலைச்சுவர்தான் கிடைக்கும். அரளி புதுக் கிளையின் நுனியில் பூப்பது. நுனியை எடுத்துக்கொண்டே இருந்தால் பூ எங்கிருந்து வரும்? பூக்காலம் ஓய்ந்ததும், ஆவணியில், ஆண்டுக்கு ஒருமுறை கிளைகளை மூன்றில் ஒரு பங்கு குறைத்துவிடுங்கள். மழையில் ஒன்று மூன்றாகத் துளிர்க்கும். மஞ்சள் நிற அசுவினி தளிரில் மொய்த்தால் தண்ணீரை வேகமாக அடித்தால் உதிரும். கண் போன்ற புள்ளியுடைய பெரிய பச்சைப் புழு ஒன்று இலையைத் தின்னும்; கருமை கலந்த பழுப்பு நிறப் பட்டாம்பூச்சி ஒன்றும் இதில் முட்டையிட்டு, வெள்ளிச் சிமிழ் போல மின்னும் கூட்டுப்புழுவைத் தொங்கவிடும். நம்மைக் கொல்லும் இலை அவற்றுக்குச் சோறு! அவற்றுக்காக மருந்து தெளிக்க வேண்டா. சுவாமிக்குச் சாத்தும் பூவில் பூச்சிமருந்து ஏறுவதைவிட நாலு இலை போவது மேல்.

இப்போது நான் மிகவும் வற்புறுத்த விரும்பும் செய்தி. ஆடுமாடு அரளியைத் தொடாது என்று ஊரில் சொல்வார்கள். மற்றப் பசுமை இருக்கும் வரையில் அது பெரும்பாலும் உண்மை. கசப்பு அவற்றை விலக்கும். கடுங்கோடையில் காடு கழனியெல்லாம் கருகிக் கிடக்கும்போது பச்சையாக நிற்பது அரளி ஒன்றே அல்லவா? பசித்த ஆடு அப்பொழுது கசப்பைப் பார்க்காது. எந்த வறட்சிக்காக இச்செடியைத் தேடுகிறோமோ அந்த வறட்சியிலேதான் இது மிகத் தீயதாகிறது. வெட்டி வாடிய தழை இன்னும் கொடிது. வாடியபின் கசப்பு மட்டுப்படுவதால் மாடுகள் அறியாமல் தின்றுவிடும். ஆகையால் முள்கம்பிக்குப் பொருள் தர முன்வந்த அன்பரின் கொடை வீணாகாது. தெற்கிலும் மேற்கிலும் வழியோரமாக மூன்றிழைக் கம்பி வெளியே ஓடட்டும். அதற்கு நாலடி உள்ளே அரளி நிற்கட்டும். நடுவே ஒருவர் நடந்து கிளையை ஒடுக்கும் இடம் இருக்கட்டும். கத்தரித்த தழை அனைத்தையும் அன்றே எண்ணிக் கட்டி, மூடிய குழியில் புதைக்க வேண்டும். எரித்தலும், மடைப்பள்ளிக்கு விறகாகக் கொடுத்தலும், குப்பைமேட்டில் எறிதலும் கூடா.

கிழக்குப் பக்கம் கோசாலை இருக்கிறது; அதனையொட்டிப் பள்ளிச் சிறுவர் நடக்கும் வழியும் இருக்கிறது. அங்கே அரளி வேண்டவே வேண்டா. அவ்விடத்திற்கு நொச்சியும் ஆடாதொடையும் போதும். இரண்டும் வறட்சி தாங்கும். இரண்டையும் ஆடு பொதுவாகத் தீண்டாது. இரண்டும் வீட்டு மருந்துக்கும் ஆகும். மதிலைக் காத்து நிற்கும் வீரர் நொச்சிப்பூச் சூடியதால் அப்போர் நிலைக்கே நொச்சித்திணை என்று பெயரிட்டது தமிழ் இலக்கணம். அரணுக்குக் காவலாகப் பாடப்பட்ட செடி ஆவின் கொட்டிலுக்குக் காவலாக நிற்பது பொருத்தமே. திருக்குளத்தின் கரையிலும், கிணற்றடியிலும், மாட்டுத் தொட்டியருகிலும் அரளி இலை உதிர்ந்து விழும் தொலைவில் ஒரு செடியும் இருத்தல் கூடாது. மஞ்சளரளியை எங்குமே வைக்க வேண்டா. அது நம் நூல்கள் சொல்லும் அலரியன்று. அமெரிக்க வெப்ப நாடுகளிலிருந்து பிற்காலத்தில் வந்தது. அதன் பச்சைக் காய் குழந்தைகளுக்கு விளையாட்டுப் பொருளாகத் தோன்றும். உள்ளிருக்கும் விதையோ கொடிய நஞ்சு.

குருக்கள் ஐயா அவர்களுக்கும் ஒரு விண்ணப்பம். அவர் அறியாததன்று, ஆயினும் புத்தகத்தில் அச்சாக வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். அரளி மாலையாகவும் அருச்சனைப் பூவாகவும் இறைவன் திருமேனியில் விளங்கட்டும். தீர்த்தச் செம்பிலும், நிவேதனத் தளிகையிலும், சுண்டல் பொதியும் இலையிலும் அது வேண்டா. அங்கே துளசியோ வில்வமோ இருக்கட்டும். திருநீற்றுத் தட்டில் பூப்பிரசாதம் கொடுக்கும்போது, தாயின் இடுப்பில் இருக்கும் குழந்தையின் கையில் அரளியை வைத்துவிட வேண்டா. குழந்தை எதைப் பெற்றாலும் முதலில் வாய்க்குத்தான் கொண்டுபோகும்! பூத்தொடுக்கும் தாய்மார்கள் நாரை வாயில் கவ்வும் பழக்கத்தை அரளி தொடுக்கும் நாளில் விட்டுவிட்டு, முடிந்ததும் சோப்பிட்டுக் கைகழுவிய பின்னரே சமையலுக்குச் செல்லவேண்டும். தவறி எவரேனும் மென்றுவிட்டால், மோரும் புளியும் கொடுத்துப் பார்த்துக் காலம் போக்காமல் உடனே மருத்துவமனைக்கு எடுத்துச் செல்க. என்ன தின்றார் என்பதைக் காட்ட ஓர் இலையையும் உடன் கொண்டு செல்க.

கணக்கும் சொல்லிவிடுகிறேன். நிலம் ஏறக்குறைய ஒரு ஏக்கர். வடபுறம் கோயில் மதில். தெற்கே 240 அடி, மேற்கே 180 அடி, ஆக 420 அடிக்கு அரளி. இரு வரிசைக்கு 280 செடி. வேம்படியை விலக்கினால் இன்னும் சில குறையும். போத்துகளில் சில பட்டுப்போகும் ஆதலின் 350 ஊன்ற வேண்டும். கிழக்கே 180 அடிக்கு நொச்சியும் ஆடாதொடையும். பூவின் நிறத்தில் செவ்வலரி இரண்டு பங்கும் வெள்ளலரி ஒரு பங்கும் இருந்தால் அம்மன் சந்நிதிக்கும் சுவாமி சந்நிதிக்கும் தட்டின்றிக் கிடைக்கும். அடுக்கரளி பார்வைக்கு அழகே. தொடுப்பதற்கு ஒற்றையரளி போல வாராது. சுற்றுச்சுவர் எழுப்பித் தருவதாகச் சொன்ன அன்பர் அப்பொருளை நந்தவனக் கிணற்றைத் தூர்வாரி ஆழப்படுத்தவும், தோட்டப் பணியாளர் ஒருவருக்கு ஆண்டு முழுவதும் ஊதியம் தரும் வைப்புநிதிக்கும் அளிப்பாராயின், சுவரைவிட நெடுநாள் நிற்கும் தொண்டாகும் என்பது என் கருத்து. அவர் இங்கே அமர்ந்திருக்கிறார். புன்முறுவல் செய்வதைப் பார்த்தால் மறுப்பார் என்று தோன்றவில்லை.

செவ்வலரிப் போத்துகளைத் தம் தோட்டத்திலிருந்து வெட்டிக்கொள்ள இருவர் இசைந்திருக்கிறார்கள். வெள்ளலரி உடையவர்கள் குழுவினரிடம் சொல்லிவைக்கலாம். ஆடிப்பெருக்கன்று காலை வழிபாடு முடிந்தபின் நந்தவனத்தில் நாற்றுப் பையில் ஊன்றும் பணி தொடங்கும். வருகிறவர்கள் அரிவாளும் கையுறையும் கொண்டு வருக. சிறுவர்களையும் அழைத்து வரலாம், மண் நிரப்பும் வேலை மட்டும் அவர்களுக்கு.